டவுன் என்று சொல்லாத வீடு

என் ஆசை மாமாவுக்கு, செத்துப்போன பிறகும் என் வாயைக் கிளறுகிற என் புருஷனுக்கு,

நீங்கள் செத்த நாள் எது என்று இங்கே யாருக்கும் தெரியாது. உங்களோடு சயாமுக்குப் போய் உயிரோடு திரும்பிய வீராசாமிக்கே நாள் நினைவில்லை. "மழ புடிச்சிருந்த நேரம் அக்கா. காய்ச்ச கண்டுச்சு, அப்புடியே போயிட்டாரு" என்றுதான் சொன்னான். அதனால் வருகிற அமாவாசையில் உங்களுக்குப் படையல் போடலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். எல்லோரும் அழுவார்கள். நான் அழுவதாக இல்லை. உங்களோடு எனக்குச் சண்டை பாக்கி இருக்கிறது.

ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை படித்தவள் நான். அந்தப் படிப்புக்கு இன்றைக்குத்தான் வேலை வந்திருக்கிறது. இதை எழுதி, படையல் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, லயத்து வரிசைவீட்டு ஜனம் முழுக்கக் கேட்கும்படி சத்தமாகப் படிக்கப்போகிறேன். நான் பேச ஆரம்பித்தால் "நாயிக்குச் சோறு வைக்கணும்" என்று எழுந்து போவீர்களே, இனி அது நடக்காது. உட்கார்ந்து கேளுங்கள்.

முதல் செய்தி, நம் வெள்ளைக்காரத் துரை திரும்பி வந்துவிட்டான். ஆமாம், 'ன்' போட்டுத்தான் எழுதுகிறேன். நீங்கள் இருந்தால் வாயைப் பொத்தியிருப்பீர்கள். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் பங்களாவைத் திறந்து போட்டுவிட்டு மோட்டாரில் ஏறி ஓடினானே, அதே துரை. கொஞ்சம் இளைத்திருக்கிறான், தலை நரைத்திருக்கிறது. வந்ததும் வராததுமாக அவன் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "நாயெல்லாம் எங்கே?"

அந்தக் கேள்விக்கு நீங்கள் செத்துப் பதில் சொல்லிவிட்டீர்கள். ஆனால் அது அவனுக்குத் தெரியாது. அதனால் நானே பதில் சொல்லும்படி ஆனது.

இதைக் கேட்கிறவர்களில் பாதிப் பேர் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் மாமா பெருமாள், பங்களா நாய்க்காரர். என் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. லயத்தில் நாங்கள் கஞ்சி குடித்த காலத்திலும் துரை நாய்களுக்கு இறைச்சி வேகவைத்து, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, சாயங்காலமானால் மலைரோட்டில் நடத்திக்கொண்டு போனவர். துரை ஓடிப்போன காலையில் மோட்டார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே இவரிடம் சொன்னானாம், "நாயி பாத்துக்கோ பெருமாள். நான் சீக்கிரம் வரும்." நம் லாபு வட்டாரத்து மற்றத் துரைகளும் போகிற போக்கில் தங்கள் நாய்களை இந்தப் பங்களா நாய்க் கொட்டடியில் அடைத்துவிட்டுப் போனார்கள். பால் வெட்டுகிறவர்களைப் பார்த்துக்கொள் என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரன் நாய் குரைத்தாலும் குற்றம் என்றான். பங்களா வழியாகப் போன ரோந்துக்காரர்கள் இரண்டு நாய்களைக் கம்பிக்கு வெளியே நின்றே சுட்டார்கள். தோட்டத்துக் கணக்கெழுதும் நம் கிராணியார் அன்றைக்கே கட்சி மாறி, சட்டையில் ஜப்பான் கொடியின் சிவப்பு வட்டம் குத்திக்கொண்டு நின்றார். "கொட்டடியப் பூட்டியே வையி பெருமாளு. தன்னால செத்துரும். நமக்கு எதுக்கு வம்பு?" என்றார். கிராணியார் பேச்சைக் கேட்டிருந்தால் இன்றைக்கு எனக்குப் புருஷன் இருந்திருப்பார். நீங்கள் என்ன செய்தீர்கள்? பூட்டைத் திறந்து, எலும்பும் தோலுமாக இருந்த அத்தனையையும் லயத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்தீர்கள்.

எனக்கு அந்தச் சாயங்காலம் நன்றாக நினைவிருக்கிறது. அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. நம் இரண்டு பேருக்குமே பற்றாத கிழங்கு. வாசலில் நாய்க்கூட்டம் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறது, நடுவில் நீங்கள் இளித்துக்கொண்டு நிற்கிறீர்கள். "மனுசனுக்கே வழியில்ல, இதுல இதுங்க வேறயா?" என்று கத்தினேன். "கொஞ்ச நாளுதான் புள்ள. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வீடு பாத்துட்டன்னா முடிஞ்சிச்சு" என்றீர்கள்.

வீடு பார்த்தீர்கள். அடேயப்பா, என்ன பார்வை! ஊரில் பெண்ணைப் பெற்றவன்கூட அப்படி மாப்பிள்ளை பார்த்திருக்க மாட்டான். நாய் கேட்டு வருகிறவனிடம் சட்டென்று கொடுத்துவிட மாட்டீர்கள். அவன் வீட்டுக்கே போய், அவன் சாப்பிடுகிற நேரமாகப் பார்த்து எதிரே குந்திக்கொள்வீர்கள். கடைசிப் பிடியைத் தானே விழுங்குகிறானா, கோழிக்காவது பூனைக்காவது போடுகிறானா என்று பார்ப்பீர்கள். போட்டால்தான் நாய். ஜனம் பட்டினி கிடந்த காலத்தில் கடைசிப் பிடியை எவன் போடுவான்? ஆனாலும் போடுகிறவர்களைத் தேடிக் கண்டுபிடித்தீர்கள். உங்கள் அக்கா மகள் எனக்கு மட்டும் யாரும் மாப்பிள்ளை பார்க்கவில்லை. உங்கள் கையிலேயே பிடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

மலையடிவாரத்தில் காய்கறி போடுகிற சீனக் கிழவர் பெரிய நாயை வாங்கிக்கொண்டார். அதன் பழைய பெயர் பிரின்ஸ். வெள்ளைக்காரப் பெயர் காதில் விழுந்தால் ஆபத்து என்று எல்லா நாய்க்கும் பெயர் மாற்றினீர்கள். பிரின்ஸ் என்றால் என்ன அர்த்தம் என்று பங்களாச் சமையல்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு அதற்கு ராசா என்று வைத்தீர்கள். அர்த்தம் மாறினால் நாய்க்கு மனம் கஷ்டப்படுமாம்! புள்ளி போட்டதை மலைக்காட்டு ஆட்கள் வேட்டைக்குக் கூட்டிப்போனார்கள். செவலையைப் பக்கத்து வீட்டு அஞ்சலையே எடுத்துக்கொண்டாள்.

பெயரை மாற்றினீர்கள், பேச்சையும் மாற்றினீர்கள். 'சிட்' போய் 'உக்காரு' வந்தது. 'கம்' போய் 'வா' வந்தது. வெந்த கிழங்குத் துண்டைக் காட்டிக் காட்டி அத்தனை நாயையும் தமிழ் நாயாக்கினீர்கள். ஒரு சொல்லை மட்டும் உங்களால் மாற்ற முடியவில்லை. துரை 'டவுன்' என்றால் நாய் அப்படியே தரையோடு தரையாகப் படுத்துவிட வேண்டும். பிரம்பால் அடித்துப் பழக்கிய சொல் அது. நமக்கோ டவுன் என்றால் டவுன்தான், சிரம்பான் டவுன்.

அஞ்சலை ஒரு நாள் வாசலில் வந்து நின்று, "டவுன்ல உப்பு வந்திருக்காம்லா" என்றாள். அடுத்த நொடி அத்தனை நாயும் பொத்பொத்தென்று படுத்துவிட்டன. அஞ்சலை பயந்துபோய், "ஐயோ, என்ன வந்துச்சு இதுங்களுக்கு?" என்று கத்தினாள். சண்டைக்காலத்தில் நான் வயிறு வலிக்கச் சிரித்தது அன்றைக்குத்தான். உங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. யார் வீட்டுக்காவது போன நாய், ஜப்பான்காரன் முன்னால் யாரோ டவுன் பேச்சு எடுக்கப் படுத்துவிட்டால், அது வெள்ளைக்காரன் நாய் என்று தெரிந்துவிடும் என்றீர்கள். அன்றையிலிருந்து லயத்தில் சட்டம் போட்டீர்கள். "டவுன்னு சொல்லாதீங்க. சிரம்பான்னு சொல்லுங்க." முதலில் கேலி பண்ணினார்கள். பிறகு குழந்தை குட்டி எல்லாம் சிரம்பான் என்றே சொல்லப் பழகிவிட்டது.

எல்லா நாய்க்கும் வீடு கிடைத்தது. ஒன்றுக்கு மட்டும் கிடைக்கவில்லை. துரை தோளோடு தோளாக மோட்டாரில் உட்கார்ந்து போகுமே, அந்த லேடி. அதற்கு நீங்கள் வைத்த பெயர் அம்மணி. ஊருக்கே தெரிந்த நாய், யார் எடுப்பார்கள்? நம் வீட்டிலேயே தங்கிவிட்டது. உங்கள் வாயில் நாள் முழுக்க அம்மணி, அம்மணி. என்னை ஒரு நாளாவது அப்படிக் கூப்பிட்டிருப்பீர்களா?

இனி அந்த நாளுக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து உங்களுக்குத் தெரியாது.

சயாமுக்கு ரயில்ரோடு போட ஆள் பிடிக்க வருகிறார்கள் என்று தெரிந்ததும், வீட்டுக்குப் பின்னால் விறகு அடுக்குக்குள் உங்களை ஒளித்து வைத்தேன். கிராணியாரும் இரண்டு ஜப்பான்காரர்களும் வாசலுக்கு வந்தார்கள். "எங்க உன் புருசன்?" என்றார் கிராணியார். "சிரம்பானுக்குப் போயிருக்காரு" என்றேன். நீங்கள் பழக்கின சொல்லைத்தான் சொன்னேன். கிராணியார் நம்பிவிட்டார். திரும்பிக்கூட நடந்துவிட்டார்.

ஒரு சிப்பாய் மட்டும் உள்ளே பார்க்க வேண்டும் என்று என் கையைப் பிடித்து இழுத்தான். அப்போதுதான் அம்மணி குறுக்கே வந்து நின்றாள். பல்லைக் காட்டி உறுமினாள். நான் பின்னால், அவள் முன்னால். அவன் கையை விட்டுவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கினான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பின்பக்கத்திலிருந்து உங்கள் குரல் வந்தது.

"டவுன்!"

கண்ணைத் திறந்தால் அம்மணி என் காலடியில் தரையோடு ஒட்டிக் கிடக்கிறாள். சிப்பாய் துப்பாக்கியை இறக்கிவிட்டுச் சிரிக்கிறான். கிராணியார் திரும்பி வந்தார். "சிரம்பானுக்குப் போனவன் குரல மட்டும் வூட்டுலயே வுட்டுட்டுப் போனானோ?" என்றார். விறகை விலக்கி உங்களை இழுத்துக்கொண்டு போனார்கள். போகும்போது என்னைப் பார்த்தீர்களா, நாயைப் பார்த்தீர்களா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருந்தோம்.

யோவ், ஊரையே சொல்லக்கூடாது என்று அடக்கி வைத்துவிட்டு நீரே அதைச் சொல்லலாமா? ஒரு நாய் செத்தால் செத்துவிட்டுப் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டு விறகுக்குள் இருந்திருக்கக்கூடாதா? அது நாய்க்காகச் சொன்னதா, அதற்குப் பின்னால் நின்ற எனக்காகச் சொன்னதா? உங்கள் பெயரை எடுத்தாலே ஜனம், "பொண்டாட்டியக் காப்பாத்தப் போன மனுசன்" என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறது. எனக்கு அப்படித் துடைத்துக்கொள்ள வராது. உங்களை எனக்குத் தெரியும். நாய்க்காகச் சொல்லியிருப்பீர்கள் என்று நினைத்தால் கோபம் வருகிறது. எனக்காக என்று நினைத்தால் அதைவிடக் கோபம் வருகிறது. எனக்காக ஒருவர் சாக வேண்டும் என்று நான் கேட்டேனா?

நீங்கள் போன பிறகு அம்மணியை எத்தனை தடவை விரட்டினேன்! கட்டையை எடுத்து வீசினேன். கொஞ்ச தூரம் போய் நின்று என்னையே பார்ப்பாள், மறுபடி வருவாள். காட்டில் எலி, உடும்பு என்று பிடித்துத் தின்று அவள் வயிற்றை அவளே பார்த்துக்கொண்டாள். ஒரு தடவை உடும்பை என் வாசலிலேயே கொண்டுவந்து போட்டாள். அதை ஆக்கித்தான் அன்றைக்குச் சாப்பிட்டேன். நன்றி எல்லாம் சொல்லவில்லை. அவளைப் பார்த்தாலே பற்றிக்கொண்டுதான் வந்தது. துரை வந்துவிட்டான், நாய்களை ஒப்படைக்க வேண்டும் என்று காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் அதே கிராணியார் கூவியபோது, சனியன் விட்டது என்றுதான் நினைத்தேன். கிராணியார் சட்டையில் இப்போது சிவப்பு வட்டம் இல்லை, தலையில் வெள்ளைக்காரத் தொப்பி வந்திருக்கிறது.

அம்மணிக்குக் கயிறு கட்டிப் பங்களாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். துரை படியில் நின்றான். அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "லேடி! லேடி!" என்றான். அம்மணி காதை மட்டும் ஆட்டினாள். நான் கயிற்றை அவிழ்த்து அவன் பக்கம் தள்ளிவிட்டேன். அவள் அவனிடம் போகாமல் என் முன்னால் வந்து நின்றுகொண்டாள். துரை விரலை நீட்டினான்.

"லேடி! டவுன்!"

படுத்துவிட்டாள், மாமா. அதே மாதிரி, என் காலடியில், தரையோடு ஒட்டி.

துரைக்கு ஒரே சந்தோஷம். "பாரு, மறக்கல! நல்ல நாயி. நாயிக்காரன் எங்கே?" என்றான். "சயாம்ல செத்துட்டாரு" என்றேன். "ஓ" என்றான். ஒரே ஒரு 'ஓ'. பிறகு குனிந்து மறுபடியும் நாயைப் பார்த்தான். "தொரைக்கு சலாம் வச்சிட்டுக் கெளம்பு" என்றார் கிராணியார்.

எனக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. அது யாருடைய சொல்? அதைக் கடைசியாகச் சொன்னது நீங்கள். உங்கள் வாயிலிருந்து நான் கேட்ட கடைசிச் சொல்லும் அதுதான். அதற்காக உயிரையே கொடுத்துவிட்டுப் போனீர்கள். விட்டுவிட்டு ஓடினவன் படியில் நின்றுகொண்டு, ஒரு வித்தை காட்டுகிற மாதிரி அதைச் சொல்கிறான். அம்மணி படுத்த இடத்திலிருந்து அவனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். எழுந்திருக்கலாமா என்று கேட்கிற பார்வை.

"அம்மணி, எந்திரி. வா" என்றேன். அவள் பெயரை நான் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. எழுந்தாள், வந்தாள்.

"ஏய்! அது தொரையோட நாயி" என்றார் கிராணியார்.

"தொர வுட்டுட்டுப் போன நாயி. எம் புருசன் எடுத்த நாயி" என்றேன். "பூட்டியே வையி, தன்னால செத்துரும்னு சொன்ன வாய்தான இது? தொரைக்கு இங்கிலீசுல அதையும் சொல்லு."

கிராணியார் முகம் செத்துவிட்டது. நான் பேசியதில் துரைக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. "லேடி! கம்!" என்று இன்னொரு தடவை கூப்பிட்டான். அம்மணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உங்கள் கிழங்குத் துண்டு நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது. சலாம் வைக்காமலே இறங்கி வந்துவிட்டேன்.

மறுநாள் கிராணியார் லயம் லயமாகப் போய், "டவுன்! டவுன்!" என்று கத்திக்கொண்டே நடந்தார். படுக்கிற நாய் துரை நாய் என்று கண்டுபிடிக்கவாம்! நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு தலை எட்டிப் பார்த்து, "என்ன கிராணியாரே, சிரம்பானுக்கு லாரி போகுதா?" என்று கேட்டது. அஞ்சலை வீட்டுச் செவலை மட்டும் படுத்துவிட்டது. அஞ்சலை அதன் மேல் ஒரு சாக்கை விரித்துப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கிழங்கு சீவ ஆரம்பித்துவிட்டாள். ராசாவைத் தேடிக் கிராணியார் மலையடிவாரத்துக்குப் போனாராம். சீனக் கிழவர், "அஞ்சிங் தடா, தடா" என்று, நாயே இல்லை என்று மலாயில் சொல்லிக் கையை விரித்தாராம். கிழவரின் காலுக்கடியில் ராசா குறட்டை விட்டுக்கொண்டிருந்ததாம். புள்ளி இப்போது மலைக்காட்டில் குட்டி போட்டிருக்கிறாள். நீங்கள் பார்த்துக் கொடுத்த வீட்டில் ஒரு வீடுகூட நாயைத் திருப்பிக் கொடுக்கவில்லை. உங்களைத் திட்ட உட்கார்ந்த எனக்கே இதை எழுதும்போது பெருமையாக இருக்கிறது. அதற்கும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.

வீராசாமி இன்னொன்றும் சொன்னான். சயாம் முகாமில் சாயங்காலம் உட்கார்ந்து ஊர்ப்பேச்சுப் பேசுவார்களாம். யாராவது "எங்க டவுன்ல..." என்று ஆரம்பித்தால், காய்ச்சலில் கிடந்த நீங்கள், "டவுன்னு சொல்லாதீங்கடா. சிரம்பான்னு சொல்லுங்க" என்பீர்களாம். "இங்க நாயே இல்லையேண்ணே" என்று அவர்கள் சிரிப்பார்களாம். நீங்கள் சிரிக்கமாட்டீர்களாம். அங்கே யாரைப் படுக்கவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், மாமா? அம்மணியையா? என்னையா?

கிராணியார் நேற்று வந்து அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். ஆம்பளை இல்லாத வீட்டுக்குத் தோட்டத்தில் இடமில்லையாம். சண்டை போட்டுப் பார்க்கிறேன். முடியாவிட்டால் சிரம்பான் ரஹாங்கில் அஞ்சலையின் அண்ணன் வீட்டுப் பக்கத்தில் ஓர் ஒண்டுக்குடித்தனம் இருக்கிறது. போய்ச் சேரும் இடத்தைப் பாருங்கள், கடைசியில் நடு டவுனிலேயே வந்து விழப்போகிறேன். ரஹாங் வீட்டுக்காரர் நாய் கூடாது என்கிறார். அவர் சாப்பிடுகிற நேரமாகப் பார்த்துப் போய் எதிரே குந்தலாம் என்றிருக்கிறேன்.

உங்கள் மேல் கோபம் தீரவில்லை. தீரும் என்றும் தோன்றவில்லை. ஆனால் படையலுக்கு முன்னால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். டவுனிலேயே குடியிருந்தாலும் என் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்கிறவன் துரையாக இருந்தாலும் வாசலுக்கு வெளியே நின்றுதான் சொல்ல வேண்டும். அம்மணிக்கு வயசாகிவிட்டது, கால் நடுங்குகிறது. இனி அவள் யார் சொல்லியும் படுக்க வேண்டாம். தூக்கம் வந்தால் அவளாகவே படுத்துக்கொள்வாள், என் பாயில்.

இப்படிக்கு,
உங்களை விறகுக்குள் ஒளித்து வைத்த
உங்கள் அக்கா மகள், உங்கள் பெண்டாட்டி,
செல்லம்மா